வயிறு சொன்ன காரணம்

நீதிமன்றக் கட்டுகளை மட்டும் நம்புவதென்றால், ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை இருந்தது. அப்பீலுக்குக் கெடு தவறியவர்கள் எல்லாரும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவார்கள். எல்லா மனுவிலும் அதே நோய். எல்லாரும் கீழாநெல்லிச் சாறு குடித்துவிட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்திருப்பார்கள். சுகாதாரத் துறை இதை மெய்யென்று நம்பி ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. குழு ஊர் ஊராகப் போய் இமையை இழுத்துப் பார்த்தது. அத்தனை கண்ணும் வெள்ளை வெளேரென்று இருந்தது. குழுத் தலைவருக்குத்தான் திரும்பி வரும்போது காமாலை.

அதற்குப் பிறகுதான் அரசு காரணமானியைக் கொண்டுவந்தது. அகலமான தோல்பட்டை, நடுவில் ஒரு வட்டத் தகடு. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த நாள் என்ன காரணத்தால் வீணாயிற்று என்று சுவரிலுள்ள திரை சொல்லிவிடும். கோர்ட்டு ஆட்கள் அதற்கு ஒட்டியாணம் என்று பெயர் வைத்தார்கள். நோய், வெள்ளம், வீட்டில் சாவு, அறியாமை ஆகியவை சட்டப்படி போதுமான காரணங்கள். சோம்பல், வீம்பு, பொறாமை ஆகியவை அல்ல.

மணற்கரைத் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த தொம்மையின் வயிற்றில் அது ஏறியபோது, அவர் அந்த ஊரிலேயே குளிர்ந்த மனிதர் என்று பெயர் வாங்கியிருந்தார். பார் ஐஸ் உடைத்து உடைத்து அவர் கை மட்டுமல்ல, பேச்சும் சில்லென்றுதான் இருக்கும். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் பெரியநாயகம், ஐஸ் ஷெட்டு தன் இடத்தில் நிற்கிறது என்று வழக்குப் போட்டு ஜெயித்தபோதுகூட, "சரி, அப்பீல் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு ஒரு பாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனவர். ஷெட்டு போனால் உறைதொட்டி போகும், கம்ப்ரஸர் போகும். பிறகு அந்தக் கம்பெனியில் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும்தான். அப்படியிருந்தும் அப்பீலுக்குக் கெடு தாண்டி ஒன்றரை மாதம் ஓடிப்போயிற்று.

"தலையில மாட்டுற மிஷின்னுல்லா நெனச்சேன்?" என்றார் தொம்மை, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"தலை பொய் சொல்லும் சார்," என்றாள் பட்டை கட்டுகிற ஜெபராணி. "குடலைச் சுத்தி மூளை கணக்கா நரம்பு கெடக்கு. பயந்தா எங்க கலக்குது? பரீட்சைன்னா எங்க புரளுது? அங்கதான எல்லாம் நாள்வாரியாப் பதிஞ்சிருக்கு. அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்கன்னுகூட சொல்லும். கோர்ட்டு அதக் கேக்காது."

"எனக்கு மஞ்சள் காமாலைம்மா."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க."

திரையில் நாள் நாளாக விழுந்தது. பொறாமை. பொறாமை. பொறாமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறாமையும் அஜீரணமும். மனு தள்ளுபடி.

வராந்தாவில் அவருடைய வக்கீல் இளம்பரிதி கவுனைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றான். முப்பத்தைந்து வயது. எந்த வெயிலிலும் கசங்காத காலர். அவன் போன பிறகும் சிறிது நேரம் அந்த இடத்தில் வாசனை நிற்கும்.

"அண்ணாச்சி, யார் மேல பொறாமை?"

காரணமானி பெயர் சொல்லாது. அந்த மட்டுக்கும் அரசு கருணை காட்டியிருந்தது.

"பெரியநாயகத்து மேலதான்," என்றார் தொம்மை. "மண்டபம், ஏசி, வாசல்ல யானை பொம்மை. பாக்கப் பாக்க எரியாதா?"

"அவர் மேல பொறாமைன்னா அப்பீலை மொத ஆளா வந்துல்ல போட்டிருக்கணும்? ஏன் போடாம இருந்தீங்க?"

தொம்மை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பதில் அவருக்கு எதிரில் நின்று வாசனையடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். வழக்கு நடக்கும்போது இளம்பரிதி ஒருநாள் ஐஸ் கம்பெனிக்கு வந்தான். கல்லாவில் தொம்மையின் மனைவி விண்ணரசி உட்கார்ந்திருந்தாள். இடம் இருவர் பேரிலும் இருந்ததால் அவளிடமும் சில விவரம் கேட்டான். கேட்கும்போது, "சொல்லுங்க மேடம்" என்றான்.

தொம்மைக்கு அப்போது தோளில் ஒரு பார் ஐஸ் இருந்தது. அது உருகிவிட்டது என்று பிற்பாடு அவரே சொல்வார். கம்பெனியில் வேலை செய்தவர்கள் அதை மறுத்ததில்லை. என்னை அண்ணாச்சி என்கிறான். அண்ணாச்சி பெண்டாட்டி மதினிதானே? மேடம் எங்கேயிருந்து வந்தது? இருபத்திரண்டு வருடமாக அவர் அவளை 'ஏட்டி' என்றும் 'இந்தா' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். மேடம் என்றதும் அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அதையும் அவர் பார்த்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது விண்ணரசி, "வக்கீலு நல்லாப் பேசுதாரு, என்ன" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் அதை மாதக்கணக்காக மென்றுகொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்து, கெடு முடிகிற சமயத்தில், அப்பீல் காகிதங்களில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இளம்பரிதி கொடுத்துவிட்டான். அவள் கையெழுத்துப் போடுவாள். காகிதம் அவனிடம் போகும். அவன் மேடம் கையெழுத்து அழகாயிருக்கிறது என்பான். இதையெல்லாம் தொம்மை அரை நிமிடத்தில் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்டைக் கொண்டுபோய் அந்தோணியார் படத்துக்குப் பின்னால் சொருகினார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். அவர் முதுகுக்குப் பின்னாலேயே அது ஒன்றரை மாதம் இருந்தது. மனைவியிடம் வக்கீல் இன்னும் எழுதித் தரவில்லை என்றார். வக்கீலிடம் காமாலை என்றார். காலையில் நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். மத்தியானம் அந்தக் காலர் ஞாபகம் வரும்.

"மிஷின் என்ன சொல்லிச்சு?" என்று விண்ணரசி கேட்டாள், கீழ்க்கோர்ட்டிலிருந்து அவர் திரும்பியதும்.

"மிஷின் கோளாறு."

"என்ன கோளாறாம்?"

"வயித்துக்குப் பட்டை எட்டல."

அவள் அவர் வயிற்றை ஒருமுறை பார்த்தாள்.

சீராய்வு மனு மேல்கோர்ட்டுக்குப் போயிற்று. மேல்கோர்ட்டு, கூட்டுச் சொந்தக்காரியையும் அழைத்து வரச் சொன்னது. பஸ்ஸில் எட்டு மணி நேரம். விண்ணரசி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு முறுக்குத் தின்றாள். தொம்மை ஒன்றும் தின்னவில்லை. வயிற்றில் எதுவும் புதிதாகப் பதிந்துவிடக் கூடாது என்று பயம்.

கோர்ட்டு வாசலில் பெஞ்சு நிறையத் தாமதக்காரர்கள். எல்லாரும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த மில்காரர் ஒருவர் தானாகவே பேசினார்.

"எங்கம்மா செத்ததுனால லேட்டுன்னு எழுதிக் குடுத்தேன். நெசமாவே செத்துட்டாங்க. சாவு போதுமான காரணந்தான? கட்டிப் பாத்தா மிஷின்ல நிம்மதின்னு வருது. மூணு தங்கச்சிங்களும் அங்கதான் நின்னுட்டிருந்தாங்க."

"பொறவு?"

"சாவு நெசந்தானேன்னு மனு அனுமதிச்சுட்டாங்க, எதிராளி இங்க மேல்கோர்ட்டுக்கு வந்துட்டான். தங்கச்சிங்கதான் அனுமதிக்கல. அம்மா ஆறு வருசம் படுக்கையில கெடந்தாங்க, நாந்தான் அள்ளிப்போட்டேன். அத எந்த மிஷினும் சொல்லல."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, "மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன். வீடு போனாப் போவுது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எந்த வயிற்றில் என்ன இருந்ததோ.

அந்தச் சமயம் பார்த்து இளம்பரிதி வந்தான். "வாங்க அண்ணாச்சி. மேடம், காபி சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சார்," என்றாள் விண்ணரசி. தொம்மை மில்காரரைப் பார்த்தார். மில்காரர், 'ஓகோ' என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீதிபதி கமலவேணி அம்மாளுக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. எதற்கும் ஆச்சரியப்படாத முகம். இளம்பரிதி எழுந்து நின்றான். அவன் பேசினால் மின்விசிறிகூடச் சத்தம் போடாமல் சுற்றும்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, கீழ்க்கோர்ட்டு பொறாமை என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டது. ஜுரம் என்றால் எத்தனை டிகிரி என்று கேட்கிறோம். பொறாமைக்கும் அளவு பார்க்கவேண்டாமா? ஒரு மனிதனின் கையைக் காலைக் கட்டிப்போடுகிற அளவுக்கு இருந்தால் அது நோய். என் கட்சிக்காரர் எதிர்மனுதாரர் பெரியநாயகத்தின் மேல் கொண்ட பொறாமையால் செயலிழந்து கிடந்திருக்கிறார்."

"அளவு பாருங்கள்," என்றார் நீதிபதி.

மேல்கோர்ட்டின் ஒட்டியாணம் புது மாதிரி. நடந்துபோன நாளை மட்டுமல்ல, நடக்கிற நொடியையும் காட்டும். திரையில் பெரிய முள் ஒன்று ஆடும். தொம்மையைக் கூண்டில் உட்காரவைத்துக் கட்டினார்கள். பெரியநாயகத்தை அவருக்கு எதிரில் நிறுத்தினார்கள். பட்டு வேட்டி, பத்து விரலிலும் மோதிரம். முள் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க," என்றான் இளம்பரிதி.

பெரியநாயகம் மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்துக்குப் போய்ச் சிரித்துக் காட்டினார். முள் தூங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் மகிழ்ச்சியோடு எழுந்தார். "பொறாமையே இல்லை என்று ஆகிறது, கனம் கோர்ட்டார் அவர்களே. வெறும் அலட்சியம்."

இளம்பரிதியின் காலர் முதன்முறையாகக் கசங்கியது. வழக்குக் கையைவிட்டுப் போகிறது. அவன் பின்னால் திரும்பி, அவசரத்தில், "மேடம், நீங்க கொஞ்சம் எந்திரிச்சு..." என்றான். முள் கடைசிவரை போய் இடித்து நின்றது. திரைக்குள் ஏதோ நெரிகிற சத்தம் கேட்டது.

கோர்ட்டில் ஒரு தாளும் புரளவில்லை. டவாலி மட்டும் இருமினார்.

"மறுபடி சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

"எதை, கனம் கோர்ட்டார் அவர்களே?"

"இப்போது சொன்னதை."

இளம்பரிதி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மேடம்."

முள் இடித்தது. தொம்மை கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஐஸ் கம்பெனி, ஷெட்டு, கம்ப்ரஸர் எல்லாம் உருகி வாய்க்காலில் ஓடட்டும் என்று இருந்தது அவருக்கு. இருபத்திரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த கௌரவத்தை ஒரு முள் இத்தனை பேர் முன்னால் குத்திக் காட்டிவிட்டது. கண்ணைத் திறந்தபோது விண்ணரசி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "சொத்து இருவர் பேரிலும் இருக்கிறது. கணவர் எரிந்துகொண்டிருந்தார், சரி. மனைவி என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் தனியாக அப்பீல் போட்டிருக்கலாமே. அவருடைய ஒவ்வொரு நாளுக்கும் காரணம் வேண்டும்."

சட்டப்படி அது சரியான கேள்வி. நீதிபதி விண்ணரசியைப் பார்த்தார். "கட்டிக்கொள்ளச் சம்மதமா அம்மா? வேண்டாமென்றால் வற்புறுத்த முடியாது. ஆனால் மனு நிற்காது."

"கட்டுங்க," என்றாள் விண்ணரசி. "ஷெட்டு நிக்கணும்லா."

தொம்மைக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அவளுடைய வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஒன்றரை மாதம் தூங்காமல் கிடந்தார். தெரியப்போகிற நேரத்தில், தெரியவேண்டாம் என்று தோன்றிவிட்டது.

திரையில் விழுந்தது. மகிழ்ச்சி. மகிழ்ச்சி. மகிழ்ச்சி. வரிசையாக எல்லா நாளும். சட்டத்தின் அட்டவணையில் போதுமான காரணத்திலும் அது இல்லை, போதாத காரணத்திலும் இல்லை.

தொம்மையின் காதில் ஒரு இரைச்சல் ஏறியது. மகிழ்ச்சியாமே. யாரால்?

நீதிபதிக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் கேட்டது வேறு. "காகிதம் வீட்டில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. செவ்வாக்கிழம செவ்வாக்கிழம அந்தோணியார் படத்தத் தொடச்சு மெழுகுவத்தி ஏத்துவேன். மொத வாரமே பாத்துட்டேன்."

"பார்த்துவிட்டு?"

"தொடச்சு, இருந்த எடத்துலயே வச்சுட்டேன்."

"வக்கீல், அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லுங்கள்."

இளம்பரிதி நிமிர்ந்தான். ஏனோ காலரைச் சரிசெய்துகொண்டு, வழக்கத்தைவிடச் சற்று நயமாக, "மேடம்" என்றான்.

முள் அசையவில்லை. ஒரு மயிரிழைகூட. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற தொம்மையோ, அந்தச் சொல் காதில் விழுந்ததும் சுரீரென்று திரும்பி அவனை முறைத்தார். விண்ணரசி புருஷன் முகத்தைப் பார்த்தாள். முள் துள்ளி எழுந்து உச்சிக்குப் போயிற்று.

பெரியநாயகம்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். இளம்பரிதி கையிலிருந்த காகிதத்தை எதற்கோ புரட்டினான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உத்தரவைச் சொன்னார். "காலவரையறைச் சட்டம், தன் உரிமையின் மேல் படுத்துத் தூங்குகிறவர்களுக்காக ஏற்பட்டது. இந்த இருவரும் அந்த நாட்களில் தூங்கியதாகத் தெரியவில்லை. தாமதம் மன்னிக்கப்படுகிறது. ஏழு நாளுக்குள் அப்பீல் பதிவாகவேண்டும். தவறினால் ஷெட்டை எதிர்மனுதாரர் இடித்துக்கொள்ளலாம். இன்னொரு முறை இந்தக் கோர்ட்டு யார் வயிற்றையும் பார்க்காது."

திரும்பி வரும் பஸ்ஸிலும் விண்ணரசி ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிறகு தொம்மை, "ஷெட்டு போயிருந்தா என்னட்டி பண்ணியிருப்ப?" என்றார்.

"அழுதிருப்பேன்."

"தெரிஞ்சும் வாயத் தெறக்கல."

"நீங்க ஐஸப் பாத்த அளவுக்கு என்னையப் பாத்ததில்ல. அந்த ஒன்றர மாசம் நான் உள்ள போனாலும் வெளிய வந்தாலும் ஒங்க கண்ணு பின்னாடியே வந்துச்சு. பூ வாங்குனா, இது யாருக்குன்னு கேட்டீங்க. புதுச் சேலை கட்டுனா சோறு எறங்கல ஒங்களுக்கு. எடுத்துக் குடுத்தா நின்னு போவும்லா? இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு விட்டுட்டேன்."

தொம்மைக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. அவர் முறுக்குப் பொட்டலத்தை வாங்கி இரண்டு தின்றார்.

மறுநாளே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தொம்மை தானே போய் இளம்பரிதியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவன் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டான். அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனும் இல்லை. ஏழாம் நாள் மத்தியானம் விண்ணரசி, "பதிஞ்சாச்சான்னு பாத்துட்டு வாங்க" என்று துரத்தினாள்.

வக்கீல் அறையில் வேறு ஒருவரும் இல்லை. கட்டு, அவர் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், நாடா அவிழ்க்காமல் கிடந்தது. இளம்பரிதி அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை. காலர் மடிந்து கிடந்தது. வாசனையே இல்லை.

"ஜூனியர் லீவு அண்ணாச்சி. அப்புறம்... டைப்ல ஒரு தப்பு."

"சரி."

"ஸ்டாம்ப் வேற தீர்ந்துபோச்சு."

"சரி."

தொம்மை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கை அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. ஒன்றரை மாதம் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம். அவருக்கு ஒட்டியாணம் தேவைப்படவில்லை.

"எங்க வீட்டுல," என்றான் இளம்பரிதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "யாருக்கும் யார் மேலயும் எரியாது. அவ பெங்களூர்ல இருக்கா. நான் எத்தனை மணிக்கு வந்தாலும், வராட்டாலும், குட்நைட்னு ஒரு மெசேஜ். ரெண்டு பேருக்கும் நல்ல தூக்கம். கட்டிப் பாத்தா முள்ளு ஏறவே ஏறாது அண்ணாச்சி. அன்னைக்குக் கோர்ட்டுல நான் நின்னுட்டிருந்தேன், என் பக்கம் ஒரு மயிரிழைகூட..." அவன் முடிக்கவில்லை.

தொம்மையின் மார்பு தானாக ஓர் அங்குலம் ஏறியது. நல்ல படிப்பு, நல்ல காலர், நாற்பது பேர் வாயடைத்துக் கேட்கிற பேச்சு. அப்பேர்ப்பட்டவன், மீன்வாடையடிக்கிற ஓர் ஐஸ்காரனைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறான். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்றால், அவர் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். விண்ணரசியிடமிருந்து போன் வந்தது.

"பதிஞ்சாச்சா?"

"பொறு ஏட்டி. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மாவா? கவுண்ட்டர் மூடிருவான்யா!"

அந்தக் குரலில் ஷெட்டும் கம்ப்ரஸரும் இருந்தன. தொம்மைக்குச் சட்டென்று விளங்கியது. அந்த ஒன்றரை மாதம் அவளும் இப்படித்தான் சாய்ந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றிருப்பாள். அவர் எழுந்து கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்னொரு கையால் வக்கீலை இடுக்கினார். எதிர்க்கடையில் ஸ்டாம்ப் கிடைத்தது. டைப்பில் தப்பு எதுவும் இல்லை. மீன்பெட்டி கட்டுகிற வண்டியின் பின்னால் வக்கீலை ஏற்றிக்கொண்டு கீழ்க்கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்ட்டர் கதவு பாதி இறங்கியிருந்தது.

உள்ளே இருந்த குமாஸ்தா கட்டைப் புரட்டினார். அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் ஒட்டியாணம் தொங்கியது. முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, விதிப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"கையெழுத்து ஆறு நாளைக்கு முந்தி. ஏழு நாள்ல கடைசி நாள், கடைசி நிமிசம். யாரு லேட்டு? என்ன காரணம்?"

இளம்பரிதி வாயைத் திறந்தான். ஊரே வாயடைத்துக் கேட்கிற அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் கை தன்னையறியாமல் வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. குமாஸ்தாவின் பார்வை அந்தக் கைக்குப் போய், அங்கிருந்து மெல்ல ஆணிக்குப் போயிற்று.

"நாந்தான் லேட்டு," என்றார் தொம்மை. "வண்டி பஞ்சருங்க."

குமாஸ்தா எட்டி வாசலைப் பார்த்தார். இரண்டு டயரும் கல்லுப்போல நின்றன. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரையை மையில் அழுத்தி, கட்டின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.